பதினேழாவது ஏடு

எகிப்து தேசத்துக்குப் போய்வந்த சிநேகிதர் ஒருவர் எனக்கென்று ஒரு காகிதம் வாங்கி வந்தார். வெறும் காகிதம்தான். அதில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. "எழுதுகிறவருக்கு எழுதாத காகிதத்தைக் கொடுப்பதுதானே மரியாதை?" என்றார். பாப்பிரஸ் காகிதம். கெய்ரோக் கடைத் தெருவில் வாழைச் சருகை ஒட்டி இதுதான் அது என்று விற்கிற ஆட்களும் உண்டாம். அவர்களிடம் ஏமாறாமல் வாங்கி வந்ததில் அவருக்குப் பெருமை.

ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நம்மூர் ஈரிழைத் துண்டைப் பார்ப்பது போல இருந்தது. குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள். ஆனால் யாரும் நெய்யவில்லை. நைல் நதி கடலில் கலக்கிற சதுப்பு நிலத்தில் நம் கோரையின் பெரியண்ணன் போல ஒரு செடி ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வளரும். தண்டு முக்கோணமாக இருக்கும். பச்சைத் தோலைச் சீவிவிட்டால் உள்ளே வெள்ளை வெளேரென்று சோறு. அதை மெல்லிய பட்டைகளாக அரிந்து, ஈரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நெடுக்காக அடுக்குவார்கள். அதன்மேல் இன்னொரு வரிசையைக் குறுக்காக அடுக்கி, தட்டி, பாரம் வைத்து அழுத்திவிடுவார்கள். பசையே வேண்டாம், செடியின் சாறே பசை. காய்ந்தபின் சங்கினாலோ தந்தத்தினாலோ தேய்த்து மழமழப்பாக்கி, ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாகச் சுருட்டி வைத்துவிட்டால் அரசாங்கத்துக் கணக்கனிடம் போகும். அவன் கோரைத் தண்டின் நுனியைக் கடித்துத் தூரிகையாக்கி, புகைக்கரி மையில் தோய்த்து எழுதுவான். முக்கியமானதைச் செம்மண் மையால் எழுதுவான். சிவப்பு மை அன்றிலிருந்தே உத்தியோகஸ்தர்களுக்குப் பிடித்த மைபோலிருக்கிறது.

கிடைத்த பாப்பிரஸ் சுருள்களுக்குள் மிகப் பழையது ஏறக்குறைய 5000 வருஷத்துக்கு முந்தியது. சக்காரா என்ற இடத்தில் ஹெமாகா என்னும் பெரிய அதிகாரியின் கல்லறையில் இருந்தது. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. மறு உலகத்தில் எழுதிக்கொள்ளட்டும் என்று வெற்றுச் சுருளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்!

இதையெல்லாம் சிநேகிதர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனசு நைல் நதிக்கரையில் இல்லை. மேலநீலிதநல்லூரில், என் அத்தை வீட்டுப் பூஜை அறையில், மாடக்குழிக்குள் மஞ்சள் துணி சுற்றிக் கிடந்த ஓலைச்சுவடிக் கட்டில் இருந்தது. அந்தக் கட்டுக்கும் எனக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்காக அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தையின் மாமனாரை ஊரில் எல்லோரும் விஷக்கடிக்குத் தேடி வருவார்கள். பாம்பு, தேள், பூரான் எது கடித்தாலும் சரி. அவர் குளித்துவிட்டு வந்து, அந்தச் சுவடிக் கட்டுக்கு முன்னால் விளக்கேற்றி, வாய்க்குள் முணுமுணுத்து, சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பூசி அனுப்புவார். மந்திரமெல்லாம் அந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்பது வீட்டின் நம்பிக்கை. அதை யாரும் பிரிக்கக்கூடாது. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் துணி மாற்றி, சந்தனப் பொட்டு வைப்பார்கள்.

ஊர்ப் பிள்ளைகள் பனையோலையில் காற்றாடி செய்து, உடைமுள்ளில் குத்தி, தெருப்புழுதியில் ஓடுவார்கள். எனக்கு ஓலை வெட்டிக் கொடுக்க ஆள் இல்லை. பட்டணத்துப் பிள்ளை என்று ஒருவரும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. மத்தியானம் வீடு தூங்கிக்கொண்டிருந்தபோது மாடக்குழிக் கட்டை அவிழ்த்து, நடுவிலிருந்து ஓர் ஏட்டை உருவினேன். மடக்கிய மாத்திரத்தில் அது அப்பளம் போல நொறுங்கிவிட்டது. துண்டுகளைக் கொல்லையில் எருக்குழியில் போட்டு மூடினேன். கட்டை முன்போலவே கட்டி வைத்தேன்.

மூன்றாம் நாள் வயலில் வேலை செய்த ஒருவரைப் பாம்பு கடித்துத் தூக்கி வந்தார்கள். பெரியவர் வழக்கம்போல எல்லாம் செய்தார். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அவருடைய மனைவி எங்கள் வீட்டுத் திண்ணையில் விழுந்து அழுததை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கிழித்த ஏட்டில்தான் அந்த மந்திரம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வயது வந்தபின் அறிவு வேறு சொல்லும், உண்மைதான். ஆனால் பத்து வயதில் மனசுக்குள் போய் உட்கார்ந்த ஒன்றை, பிற்காலத்து அறிவு எழுப்பி வெளியே அனுப்பிவிடும் என்று நினைப்பது தவறு. நாவல்களில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன். அதற்கெல்லாம் தூக்கம் கெட்டதில்லை.

சிநேகிதர் கொடுத்த காகிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, போன ஆடித்தபசுக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பக்கமெல்லாம் பனைதான். பேரிலேயே பனையையும் வடலியையும் வைத்துக்கொண்டு பனவடலிசத்திரம் என்று ஓர் ஊர்கூட இருக்கிறது. வடலி என்றால் இளம்பனை என்பது இப்போது பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. 2019-இல் ஜில்லாவைப் பிரித்துத் தென்காசியோடு சேர்த்துவிட்டார்கள். பனைகளுக்கு அது தெரியாது.

அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. கண் கொஞ்சம் மங்கல். காது பாம்புக் காது.

"அந்தச் சுவடிக் கட்டை ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கலாமா, அத்தை?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"வேண்டாம்யா. குரு இல்லாம தொடப்படாதுன்னு எங்க மாமா சொல்லியிருக்காக. மந்திரம் செத்துப்போகும்."

"படிக்காமலே வச்சிருந்தா மட்டும் மந்திரம் உயிரோட இருக்குமா?"

"சாமி இருக்காரு; நாம படிச்சா பார்க்கோம்?" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

மறுநாள் கரிவலம்வந்தநல்லூர்க் கதையைச் சொன்னேன். அந்த ஊர் சங்கரன்கோவிலிலிருந்து பத்து மைலுக்குள்தான். அத்தைக்கு அங்கே உறவுகூட உண்டு. பழைய பாண்டிய மன்னர் ஒருவருடைய ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ. வே. சாமிநாதையர் ஆசையோடு தேடிப் போனார். போனவருக்குக் கிடைத்த செய்தி என்ன? பழுதான பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து அக்கினியில் இட வேண்டும் என்பது சாஸ்திரம் என்று சொல்லி, குழி வெட்டித் தீ வளர்த்து அவ்வளவையும் ஆகுதி செய்துவிட்டார்களாம். ஐயரவர்களே இதை எழுதியிருக்கிறார். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்டுக் கொடுத்த மனிதர், அந்தச் சாம்பலைப் பற்றிக் கேட்டுவிட்டு எப்படித் திரும்பி நடந்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. வேறு ஊர்களில் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விட்டார்கள். எல்லாம் பக்தியோடுதான். பகைவன் எரித்தால் பழி சொல்லலாம்.

அத்தை நெடுநேரம் பேசவில்லை. "நெய்யில தோச்சா எரிச்சாக?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். சாயங்காலம் தானாகவே கூப்பிட்டாள். "பிரி. ஆனா குளிச்சிட்டுப் பிரி."

உடனே பிரித்துவிடவில்லை. சென்னையில் சுவடி நூலகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "ஒட்டியிருக்கிற ஏட்டை இழுக்காதீர்கள். எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லப் பூசி, பொறுத்திருந்து பிரியுங்கள்" என்றார். எண்ணெய் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இடைவேளையில்தான் எனக்கு இன்னோர் ஆசை பிடித்தது. நாமே ஓலை தயார் செய்து பார்த்தால் என்ன?

பனை ஏறுகிற பெரியவர் ஒருவர் தெருக்கோடியில் இருந்தார். "எழுத ஓலை வேணும்" என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரொம்பக் குருத்து ஆகாது, சுருண்டுகொள்ளும். முற்றின சாரோலையும் ஆகாது, முறியும். இரண்டுக்கும் நடுவே வேண்டும் என்று அவரே சொல்லி, நடுப்பருவ ஓலையாக வெட்டிப் போட்டார். இதழ் இதழாகக் கிழித்து, நடுவிலிருந்த ஈர்க்கை எடுத்தோம். ஓர் இதழுக்கு இரண்டு நறுக்கு. மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சோழியால் தேய்த்தோம். அத்தையின் பேரன் என்னைவிட நன்றாகத் தேய்த்தான். இரண்டு ஓரமும் சமமாக நறுக்கி, துளை போட்டால் ஏடு தயார். எகிப்துக்காரனுக்கு அரிந்து, அடுக்கி, ஒட்டி, அழுத்தி எத்தனை வேலை! நமக்குப் பனைமரமே பக்கம் பக்கமாக அச்சடித்துத் தந்துவிடுகிறது. ஆனால் அகலம் மட்டும் அது கொடுத்த அளவுதான். விரற்கடை இரண்டுக்கு மேல் போகாது. கூந்தல்பனை என்கிற தாளிப்பனையில் இன்னும் அகலமாக, மெல்லிசாகக் கிடைக்கும். அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுச் செத்துப்போகிற மரம். எங்கள் பக்கத்துக்குப் பனை போதும்.

எழுதுவதுதான் வித்தை. பனையோலை மையைக் குடிக்காது. அதனால் தூரிகைக்கு இடமில்லை. எழுத்தாணியால் கீற வேண்டும். வீட்டிலே பழைய இரும்பு எழுத்தாணி ஒன்று இருந்தது, மறு நுனியில் கத்தியோடு. இடது கையில் ஏட்டைப் பிடித்து, பெருவிரல் நகத்தின்மேல் ஆணியைத் தாங்கி, ஆணியை அசைக்காமல் ஏட்டை நகர்த்தி எழுத வேண்டும். அந்தக் காலத்து எழுத்துக்காரர்கள் இதற்கென்றே நகத்தை வளர்த்துப் பள்ளம் போட்டிருப்பார்கள். நான் முதலில் எழுதிய 'ட' ஓலை நரம்போடு ஓடி, ஓரம்வரை கிழிந்தது. நம் எழுத்துகள் வளைந்து வளைந்து போவதற்கு ஓலைதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வதை அப்போது என் விரல் ஒப்புக்கொண்டது. புள்ளி வைத்தேன், ஓட்டை விழுந்தது. அதனால்தான் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் விட்டார்கள். கீறியபின் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கறுப்பு நின்று எழுத்து எழுந்து வருகிறது. என் பெயரை அப்படிப் பார்த்தபோது, முதல் புத்தகம் அச்சில் வந்த நாளில்கூட இத்தனை சந்தோஷம் இருந்ததா என்று தோன்றியது.

எண்ணெய் வந்தது. குளித்தேன். அத்தை விளக்கேற்றினாள். மரச்சட்டங்களை எடுத்து, கயிற்றை உருவி, ஓர் ஏட்டில் எண்ணெய் பூசி, கரி தடவித் துடைத்தேன். பேரன் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

எனக்குக் கை நடுங்கியது என்று சொல்வதில் வெட்கமில்லை.

படிப்பதும் சுலபமல்ல. புள்ளி கிடையாது. குறிலும் நெடிலும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே உருவம். 'கா' என்பதா, 'கர' என்பதா, அவரவர் புத்திக்கு எட்டியபடி. 'கருபபடடி' என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. ஏதோ விஷமுறிவு மூலிகையின் சங்கேதப் பெயர் என்று நினைத்தேன். அடுத்த வரியிலும் 'கருபபடடி'. அதற்கடுத்து 'வணடி'. பேரன்தான் முதலில் சிரித்தான். "மாமா, கருப்பட்டி! கருப்பட்டி வண்டி!"

ஆமாம். கருப்பட்டிச் சிப்பம் இத்தனை, வண்டி இத்தனை, சங்கரன்கோவிலில் இறக்கியது இத்தனை, மாட்டுக்குத் தீவனம், லாடம் அடித்த கூலி, வண்டிக்காரன் காய்ச்சலாகப் படுத்துவிட்டதால் ஒரு நாள் வண்டி போகவில்லை. மாகாணி, அரைக்கால், மா, காணி என்று பின்னக் கணக்கு. பிங்கள வருஷம் என்று போட்டிருந்தது. அறுபது வருஷத்துக்கு ஒரு பிங்கள. 1917-இல் வந்த பிங்களவுக்குள் அந்த வீட்டில் காகித நோட்டு வந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். ஆகவே 1857 ஆக இருக்கலாம். அதற்கும் முந்தி 1797 ஆகவும் இருக்கலாம். கடைசி ஏடு வரைக்கும் பார்த்தோம். மந்திரம் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். அதை மறைப்பானேன்? சுவடி என்றால் காணாமற்போன காவியம் ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும் என்று நம்மை ஐயரவர்கள் பழக்கிவிட்டார். அப்புறந்தான் மேரர் ஞாபகம் வந்தான். 2013-இல் பியர் தாலே என்ற பிரெஞ்சுக்காரரின் குழு செங்கடல் ஓரத்தில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் தோண்டியபோது, எழுத்துள்ள பாப்பிரஸ்களுக்குள் மிகப் பழையவை கிடைத்தன. வயது 4500 வருஷத்துக்கு மேல். அவற்றில் மன்னன் கூஃபுவைப் பற்றிய துதிப்பாட்டு இல்லை. மேரர் என்கிற மேஸ்திரி ஒருவன் தன் ஆட்களோடு துரா மலையிலே சுண்ணாம்புக் கல் ஏற்றி, நைல் நதியில் படகு விட்டு, கீஸாவில் பெரிய பிரமிடு கட்டுகிற இடத்தில் இறக்கிய நாட்குறிப்பு. இன்று கல் ஏற்றினோம், இன்று இன்ன இடத்தில் இரவு தங்கினோம், இவ்வளவுதான். சுமை ஏற்றி இறக்கிய கணக்கு. வியன்னா நூலகத்திலே இருக்கிற முசிறிப் பாப்பிரஸும் அப்படித்தான். கிறிஸ்து பிறந்த இரண்டாம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரை முசிறியிலிருந்து ஹெர்மபோலன் என்ற கப்பல் தந்தமும் வாசனைத் திரவியமும் கொண்டுபோன விவரமும், கடன் பத்திரமும். எகிப்தின் மணல் காய்ந்த மணல். கணக்கையும் காவியத்தையும் பேதம் பாராமல் காப்பாற்றிவிட்டது. நம் ஊரில் புழுக்கமும் செல்லும் சும்மா விடுமா? நூறு, இருநூறு வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது உட்கார்ந்து பிரதி எடுத்தால்தான் ஒரு நூல் பிழைக்கும். கருப்பட்டிக் கணக்கை யார் பிரதி எடுப்பார்கள்? மந்திரம் என்று தப்பாக நினைத்ததனால் அல்லவா இது பிழைத்துக் கிடக்கிறது!

இதை நான் உற்சாகமாக அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேரன் ஏடுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். இடது ஓரத்தில் தமிழ் இலக்கம். அதைப் படிக்க ஒரு மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டான்.

"௰௬, அப்புறம் ௰௮. மாமா, ௰௭ இல்லையே?"

கை தானாகவே நின்றுவிட்டது. அத்தை திரும்பிப் பார்த்தாள். அந்த மங்கல் கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

சொல்லிவிட்டேன். காற்றாடி, எருக்குழி, திண்ணையில் விழுந்து அழுத பெண், எல்லாவற்றையும். அந்தப் பெண் அழுததைச் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. பேரன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"எருக்குழியில கிடந்த ஓலைத் துண்டை நான் அன்னைக்கே பார்த்தேன்யா" என்றாள் அத்தை. "எலி கடிச்சிட்டுன்னு எங்க மாமாகிட்டச் சொன்னேன். உன்னைன்னு தெரிஞ்சா அவுக தோலை உரிச்சிருப்பாக."

"அந்த ஆள் செத்தது?"

"அவனை ரொம்ப நேரம் கழிச்சுல்லா தூக்கிட்டு வந்தாக. வரும்போதே மூச்சு இல்லை. எங்க மாமாவும் அதைத்தான் சொன்னாக. நீ சின்னப் பிள்ளை, உன்கிட்ட யாரு சொல்லுவா?" சற்றுப் பொறுத்து, "இத்தனை வருசமா இதையா வச்சுக்கிட்டிருந்தே? ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கப்படாதா?" என்றாள்.

மந்திரம் இல்லாதது பற்றி அவளுக்கு வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "அப்போ மந்திரம் அவுக மனசுக்குள்ளேயே இருந்திருக்கு" என்று முடித்துவிட்டாள். புற்றுமண் டப்பா இன்றைக்கும் மாடத்தில் இருக்கிறது. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்; போகும்போது கொஞ்சம் மண்ணையும் பூசிக்கொள்கிறார்கள்.

சுவடியை நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். தன் காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஒவ்வோர் ஏட்டையும் பேரன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறான். நண்பருக்கு அனுப்பினோம். வண்டிக்கூலி விவரம் மிகவும் உபயோகமானது என்று அவர் எழுதியிருக்கிறார்.

புறப்படுகிற அன்று காலையில் கட்டைத் திரும்பக் கட்டினோம். ௰௬-க்கும் ௰௮-க்கும் நடுவே இடம் விட்டால் கட்டு நொடிக்கிறது என்று அத்தை சொன்னாள். நாங்கள் பக்குவம் செய்த ஓலைகளில் நல்லதாக ஒன்றை அளந்து நறுக்கி, துளை போட்டு அங்கே வைத்தேன். எண்ணாவது எழுதட்டுமா என்று எழுத்தாணியை எடுத்தான் பேரன். "வேண்டாம், சும்மா இருக்கட்டும்" என்றேன். அத்தை கயிற்றை இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டு, புது மஞ்சள் துணியில் வைத்துச் சுருட்டினாள். தெருமுனையில் திருநெல்வேலி பஸ் ஊதிக்கொண்டு நின்றது.